சர்டிபிகேட்டுக்கு முன்னால் வந்த படம்

மதுரைக்கு நான் போனது சாமி கும்பிட அல்ல. கிள்ளானில் எங்கள் தெருவே அப்படித்தான் நினைத்துக்கொண்டு, குங்குமம் வாங்கி வா, சுங்குடிச் சேலை வாங்கி வா என்று ஆளாளுக்குச் சொல்லி அனுப்பியது. நான் போனது அக்கா புருஷனைக் கூட்டி வர. குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று மலேசியாவில் சட்டம் வந்தபோது, "ஊருக்குப் போய் ஒரு வழி பண்ணிட்டு ஒன்னயக் கூப்பிட்டுக்கறேன்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறியவர். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. முதல் இரண்டு வருஷம் கடிதம் வந்தது.

அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் அவருக்கு ஒரு பெர்மிட் எடுத்துவிட்டாள். அந்த மாதம் முடிவதற்குள் அவர் வந்து இறங்க வேண்டும். தவறினால் மறுபடி கிடைக்காது. காகிதத்தை என் கையில் கொடுத்து, "கையோட கூட்டிட்டு வா. இல்லன்னா வரமாட்டேன்னு அவர் வாயால கேட்டுட்டு வா. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும்" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

முதல் நாள் மதுரை. எழுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதம். கிள்ளானில் வேர்வை காயாது. இங்கே வேர்க்கவே விடாமல் வெயில் காய்ச்சியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நாலு இட்லிக்கு ஐந்து விதமான சட்னி. எங்கள் ஊரில் தமிழன் கடையில்கூட ஒரே சாம்பாரை மூன்று வேளைக்கும் ஊற்றுவான். பரிமாறியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே சிலோனா?" என்றார். மலேசியா என்றேன்.

"அங்கிட்டும் விழுகுமாண்ணே?"

"எது?"

"ஸ்கைலாப்புண்ணே. அமெரிக்காக்காரன் வானத்துல கெட்டி விட்ட வீடு. கழண்டு கீழ வருதாம்ல."

எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாதாம் என்றேன். "தெரியலைன்னா இங்கதாண்ணே விழுகும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த இலைக்குப் போனார்.

மச்சான் கிள்ளானில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டராக இருந்தவர். எனக்கு ரீல் மாட்டவும், அறுந்த பிலிமை வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆகவே படப்பெட்டி வாடகைக்கு விடும் ஆபீஸ்களில் விசாரித்தால் ஆள் கிடைப்பார் என்று ஒரு கணக்கு. மூன்றாவது ஆபீஸில் தகவல் கிடைத்துவிட்டது. அங்கிருந்த கிளார்க் முகத்தைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "மலேசியாக்காரரத்தான கேக்குறீக? பேரையூர்ப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸ்ல இருக்காப்ல. எங்ககிட்ட இருந்த பழைய இங்கிலீஷ் பெட்டி அம்புட்டையும் தூக்கிட்டுப் போயிட்டாப்ல. உலகம் அழியிற படமாப் பாத்துக் குடுங்கங்கிறாப்ல. அது எதுக்குண்ணே அவருக்கு?"

எனக்கும் தெரியவில்லை. அந்த மாதிரிப் படங்கள் பையனாக இருந்தபோது நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கறுப்பு வெள்ளை. டை கட்டிய நாலு பேர் கரும்பலகையில் கணக்குப் போடுவார்கள். ராணுவ அதிகாரி மேஜையைத் தட்டுவார். ஒரு பெண் அலறுவாள். வானத்திலிருந்து கல்லோ பறக்கும் தட்டோ வந்து அட்டைக் கட்டடங்களைப் பொடியாக்கும், தொட்டித் தண்ணீர் சமுத்திரமாகி ஊருக்குள் புகும். கடைசி ரீலில் வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் ஏதோ கண்டுபிடிக்க, பூமி பிழைத்துவிடும். அழிவதும் அவர்கள் ஊர்தான், காப்பாற்றுவதும் அவர்கள்தான். பயந்து ஓடுகிற கூட்டத்தில்கூட எங்களைப் போன்ற மூஞ்சி ஒன்றைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

இரண்டாம் நாள் பஸ். கப்பலூர் தாண்டும்வரை ரோட்டோரம் புதுசு புதுசாகத் தொழிற்சாலைக் கூரைகள். திருமங்கலத்துக்கு அப்புறம் கரிசல் காடும் கருவேலமும்தான். ஓரிடத்தில் டயர் வெடித்தது. மாற்று டயரை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. டிரைவர் அதை ஒரு உதை உதைத்துவிட்டு எதிரே வந்த லாரியில் ஏறிப் போய்விட்டார். எங்கள் ஊரில் இந்நேரம் நாலு பேர் கம்பெனிக்காரனைத் திட்டியிருப்பார்கள். இங்கே எல்லோரும் வேப்பமரத்தடியில் துண்டை விரித்து உட்கார்ந்துவிட்டார்கள்.

ஆட்டுமந்தை ஒன்று சந்தைக்குப் போனது. பஸ்ஸில் வந்த பெரியவர் ஓட்டி வந்தவனைக் கேட்டார்: "என்னப்பா, சினையாட்டையுமா ஓட்டுற?"

"இருந்து என்ன செய்ய? ஆடி பெறக்கிறதுக்குள்ள அம்புட்டும் சாம்பலாப் போகுமாம்ல."

"யாரு சொன்னா?"

"கொட்டகைல காட்டுறாய்ங்க. நானே ரெண்டு கண்ணால பாத்தேன்."

நான் பட்டணத்து ஆள் மாதிரிச் சிரித்தேன். அன்று மத்தியானம் ரோட்டுக்கடையில் ஆட்டுக்கறிக் குழம்பு அள்ளி அள்ளி ஊற்றினார்கள். சாலையோரம் கடைக்குக் கடை கறி தொங்கியது. உலகம் அழியப்போகிற ஊரில் சாப்பாடு பிரமாதமாக இருக்கிறது என்று அக்காவுக்கு ஒரு தபால் கார்டு எழுதிப் போட்டேன். இப்போது அந்தக் கார்டை நினைத்தால் கூசுகிறது.

மச்சானைக் கொட்டகை வாசலில் பார்த்தேன். முடி கொட்டி, தொப்பை போட்டிருந்தது. "மாப்ள!" என்று கட்டிப்பிடித்துக் கண்கலங்கினார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பெர்மிட்டைக் காட்டினேன். மடிப்பைப் பிரித்துத் தன் பெயரைப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பேசுவோம்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் முதலாட்டம். மணல் தரையில் இடம் பிடிக்கச் சண்டை. மெயின் படம் பத்து வருஷப் பழசு. அதற்கு இத்தனை கூட்டம் ஏன் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "படம் கெடக்கு கழுதை. நியூஸ் பாக்கத்தான் வந்துருக்கோம்" என்றார்.

இந்தியாவில் எந்தக் கொட்டகையிலும் படத்துக்கு முன்னால் அரசாங்கச் செய்திப் படம் ஓட்டியாக வேண்டும். அணைக்கட்டுத் திறப்பு விழா, வெள்ள நிவாரணம், மந்திரி மாலை போடுவது. அது முடிந்தபின் மெயின் படத்தின் சென்சார் சர்டிபிகேட் திரையில் வரும். அதைப் பார்த்ததும் எத்தனை ரீல் என்று கூட்டம் கத்தும். இந்த ஜனங்கள் அந்தச் சர்டிபிகேட்டை ஒரு எல்லைக்கல்லாக வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் வருவது கதை. ராஜா வேஷம் போட்டவன் ராஜா இல்லை, செத்தவன் அடுத்த படத்தில் வருவான் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு முன்னால் வருவது நிஜம். அந்த அணைக்கட்டு நிஜமாகவே இருக்கிறதே.

விளக்கு அணைந்தது. மந்திரி மாலை போட்டார். அரை நிமிஷத்தில் படம் ஒரு துள்ளு துள்ளியது. ஒட்டுப் போட்ட இடம் அப்படித்தான் துள்ளும், எனக்குத் தெரியும். துள்ளலுக்கு அப்புறம் டை கட்டிய நாலு பேர் கரும்பலகை முன்னால் நின்றார்கள். இங்கிலீஷ் சத்தம் நின்றுபோய், ஒலிபெருக்கியில் சுத்தமான செய்திப்படக் குரல் வந்தது: "உலகெங்கும் விஞ்ஞானிகள் இரவு பகலாக வானத்தைக் கண்காணித்து வருகிறார்கள். பொதுமக்கள் அமைதி காக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." என் மச்சானின் குரல்! கிள்ளானில் ரேடியோ அறிவிப்பாளர் மாதிரிப் பேசிக் காட்டி அக்காவைச் சிரிக்க வைப்பாரே, அதே குரல்.

அட்டைக் கட்டடங்கள் சரிந்தன. தொட்டித் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் தன் பிள்ளையின் கண்ணைப் பொத்திக்கொண்டு தான் மட்டும் பார்த்தார். பூமி பிழைக்கும் கடைசி ரீலை மச்சான் ஒட்டவில்லை. சர்டிபிகேட் வந்தது. ரீல் எத்தனை என்று அன்றைக்கு யாரும் கத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கேட்டேன். மச்சான் பல் விளக்கிக்கொண்டே சொன்னார்: "நியூஸ் ரீலு பிஞ்சு நாறிப்போச்சு மாப்ள. நியூஸ் ஓட்டலைன்னு செக்கிங்ல பிடிச்சா லைசென்ஸே போயிரும். நீளத்துக்கு ஆகட்டும்னு ஒரு துண்டு ஒட்டுனேன். சனம் பயந்துருச்சு. மறுநாள் ரெண்டு பங்கு கூட்டம். மொதலாளி நிப்பாட்டக் கூடாதுன்டாரு. நான் எங்கயாச்சும் ஸ்கைலாப்புன்னு ஒரு வார்த்தை சொன்னனா? சொல்லச் சொல்லு பாப்போம்."

"நிஜம்னு நம்புறாங்க மச்சான்."

"நம்பட்டும். நாலு நாள்ல தன்னால தெரிஞ்சுக்கிருவாய்ங்க." பிறகு என் தோளில் கை போட்டார். "அக்கா இன்னமும் அந்த வீட்லதான் இருக்கா? வாரேன்னு வையி, என்னைய ஏத்துக்கிருவாளா?"

ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. அதற்குமேல் நான் ரீலைப் பற்றிப் பேசவில்லை.

அவருக்குச் சோறு கொண்டுவருகிறவள் பேச்சியம்மா. இடைவேளையில் கொட்டகைக்குள் அவித்த கடலை விற்பாள். அவள் புருஷன் சோணை, தலைமுறை தலைமுறையாகப் பண்ணையில் கூலிக்கு உழுத குடும்பத்துக்காரன். போன வருஷந்தான் இரண்டு ஏக்கர் சொந்தமாகக் கிடைத்திருந்தது. ஒரு போகம் விளைந்து, அதில் பொறுக்கியெடுத்த சோளத்தைச் சாம்பலில் புரட்டி, வேப்பிலை போட்டு, மண்குலுக்கையில் கொட்டி வாய் மெழுகி வைத்திருந்தாள். சொந்தக் காட்டில் விளைந்த முதல் விதை. ஆடியில் விதைக்க வேண்டியது. அவள் அந்தக் குலுக்கையைப் பற்றிப் பேசும்போது முகம் மாறிவிடும்.

அன்று மத்தியானம் தூக்குவாளியை இறக்கி வைத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள்.

"அண்ணே, ஒன்னு கேக்கணும். நீங்க படிச்சவுக, அங்கிட்டு இங்கிட்டுப் போயி வந்தவுக. மெய்யாலுமே முடிஞ்சுருமா?"

மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"வெதச் சோளம் இருக்குண்ணே. பிள்ளைக மூணும் ரெண்டு மாசமாக் கேப்பக் கஞ்சி. எப்படியும் போகப்போறோம்னா வயிறாரத் தின்னுட்டுப் போகட்டுமேன்னு இவரு சொல்றாரு. எனக்குக் குலுக்கைல கை வைக்க மனசு வரல. வச்சுருக்கவா, பொங்கிப் போடவா? நீங்க சொல்லுங்க."

கேள்வியை அவள் மச்சானிடம் கேட்டாள். ஆனால் இரண்டு தடவை என் முகத்தையும் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். பொய் என்று அவளிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் தெரிந்துவிடும். முதலாளி அவரைக் கட்டிவைத்துத் தோலை உரிப்பான்.

"பிள்ளைகளுக்குப் போடு" என்றார்.

நான் பேசியிருக்கலாம். அது சினிமா அம்மா, அட்டைவீடு அம்மா என்று இரண்டே வார்த்தை. என் அக்காவின் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குலுக்கைச் சோளம் எம்மாத்திரம் என்று மனசுக்குள் தராசு பிடித்துக்கொண்டு வாயை மூடியிருந்தேன். பேச்சியம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

நாலாம் நாள் எங்களுக்கும் சோளச்சோறு வந்தது. மேலே கறிக்குழம்பு, ஓரமாகக் கருவாட்டுத் துண்டு. சாம்பல் போகக் கழுவி, இடித்து, பக்குவமாக வேகவைத்திருந்தாள். அந்தப் பயணத்தில் நான் சாப்பிட்டதிலேயே அதுதான் ருசி. எங்கிருந்து வந்த சோளம் என்று தெரிந்தேதான் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை கேட்டும் வாங்கினேன். "நல்லாருக்காண்ணே?" என்று அவள் சிரித்தாள். மூன்று பிள்ளைகளும் கொட்டகை நிழலில் வயிறு தள்ள உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தன.

ஆறாம் நாள் டீக்கடை ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். ஸ்கைலாப் விழுந்துவிட்டது. ஆஸ்திரேலியாப் பக்கம், பாதி கடலில், பாதி பாலைவனத்தில். ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை. கடையில் யாரோ சிரித்தார், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. ஆளுக்கு ஆள் முகம் பார்க்க வெட்கப்பட்டுச் சிரித்தது. ஏமாற்றியவனை அடிக்க வருவார்கள் என்று நான் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. அரசாங்கப் படமே தப்பாகச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கொட்டகைக்காரன்மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

சோணை மட்டும் கொட்டகைக்கு வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என்னிடம்தான் பேசினான்.

"ஆஸ்திரேலியாங்கிறது எம்புட்டுத் தூரம்ணே?"

"ரொம்பத் தூரம்."

"நல்லதுண்ணே. யாருக்கும் சேதாரம் இல்ல." துண்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினான். "பண்ணைக்குத்தான் போறேன், வெத கேக்க. குடுப்பாக. குடுக்காம இருக்க மாட்டாக. என்ன, வெத வாங்குனவன் மொதல்ல அவுக காட்டத்தான் விதைச்சு முடிக்கணும். அம்புட்டும் முடிச்சுட்டு நம்ம காட்டுக்கு வாரதுக்குள்ள ஈரம் காஞ்சுரும். போன வருசம் அவுகளுக்கு முன்னாடி நான் விதைச்சேன்ணே. பண்ணைக்காரரு வரப்புல நின்னு பாத்துட்டுப் போனாரு."

அவன் போன பிறகு மச்சான் உள்ளேயிருந்து வந்தார். துணிமணியைப் பையில் அடைத்திருந்தார், சட்டை மாற்றியிருந்தார். சிரித்துக்கொண்டே வந்தார்.

"இம்புட்டு மடச் சனத்தை எங்கயாச்சும் பாத்துருக்கியா மாப்ள? கெளம்பு, பன்னெண்டு மணி வண்டியப் பிடிச்சுருவோம். அக்காவுக்கு மதுரையில ஒரு சேலை எடுக்கணும். மெரூன் கலர்னா அவளுக்கு உசுரு."

மெரூன் கலர். ஒன்பது வருஷம் கழித்தும் ஞாபகம் வைத்திருந்தார். அந்த இடத்தில் என் மனசு இளகியதை மறைக்க விரும்பவில்லை.

"ஒரே ஒரு காரியம் மச்சான். போற வழியில சோணைகிட்ட சொல்லிட்டு வாங்க. அது பொய் ரீலு, நான்தான் ஒட்டுனேன்னு. பேச்சியம்மா கேட்டப்ப தெரிஞ்சே சொன்னேன்னு."

"என்னாத்துக்கு? சோளம் திரும்பி வந்துருமா?"

"வராது."

"பெறகு? போற நேரத்துல எதுக்குடா வம்பு? கொட்டகையக் கொளுத்திருவாய்ங்க."

"அப்ப நீங்க வர வேண்டாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்தார். பஸ் ஸ்டாண்டுவரை கூடவே வந்தார். வண்டி வந்ததும் பெர்மிட்டை எடுத்து அவர் கண்முன்னால் நாலாகக் கிழித்தேன். "மாப்ள, மாப்ள" என்று கையைப் பிடித்தார். நான் உதறிவிட்டு ஏறினேன். ஜன்னலோரம் அவர் கொஞ்ச தூரம் ஓடி வந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. நெஞ்சு அப்படி நிமிர்ந்திருந்தது. திருமங்கலம்வரை என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். சோணையின் வீட்டைத் தாண்டித்தான் அந்த வண்டி போனது. வாசலில் பேச்சியம்மா காலிக் குலுக்கையை வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் இறங்கவில்லை.

கிள்ளானில் அக்கா வாசலில் நின்றாள். டாக்சியிலிருந்து நான் இறங்கிய பிறகும், உள்ளே இன்னும் ஆள் இருப்பதுபோல் குனிந்து பார்த்தாள். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வருகிறேன் என்று சொன்னதை, மெரூன் சேலையை, பெர்மிட்டைக் கிழித்ததை, ஒன்று விடாமல் சொன்னேன். அழுவாள், திட்டுவாள், கடைசியில் நான் செய்தது சரி என்பாள் என்று நினைத்திருந்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா கேட்டப்ப நீயும் பக்கத்துலதான் இருந்தியா?"

"இருந்தேன்."

"பொய்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அந்தச் சோத்த நீயும் சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"வர்றப்பவாச்சும் அந்தம்மாகிட்ட சொன்னியா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

அக்கா எழுந்தாள். நான் குடித்து வைத்த கிளாஸை எடுத்துக்கொண்டு உள்ளே போகப் போனவள், வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"அப்ப உன்ன மட்டும் எதுக்குடா கூட்டிட்டு வந்த?"